ஒய்டூகே ஷேரும் நாங்க திருத்துன கோடும்

98, 99ல சென்னைல சாஃப்ட்வேர் கம்பெனில இருந்தவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும், டீ குடிக்கப் போனாலே ஷேர் பேச்சு தான். நான் இருந்தது தி.நகர்ல ஒரு சின்ன கம்பெனி, மார்க்கெட்ல லிஸ்ட் ஆனது, வேலை முக்கால்வாசி ஒய்டூகே, அதாவது வருஷத்தை ரெண்டு இலக்கத்துல எழுதுன பழைய ப்ரோக்ராம்கள் 2000 பிறந்ததும் தப்பாகாம திருத்துறது. 99 மார்ச்ல இன்ஃபோசிஸ் அமெரிக்காவோட நாஸ்டாக் ஷேர் மார்க்கெட்ல லிஸ்ட் ஆனதும் எல்லாருக்கும் அடுத்தது நாமதான்னு ஒரு நம்பிக்கை வந்துடுச்சு, எங்க ஷேரும் ஏறிட்டே இருந்துச்சு.

எங்க டீம் லீட் வாங்கச் சொல்ற கட்சி. கிளையண்டோட மொத்த ப்ரோக்ராம் கோடையும் நாமதான் வரி வரியா படிச்சிருக்கோம், அவங்க ஆளுங்களுக்கே தெரியாதது நமக்குத் தெரியும், 2000க்கு அப்புறம் அந்த சிஸ்டத்தைப் பாத்துக்கிற மெயின்டெனன்ஸ் வேலை வேற யார்கிட்ட போகும்னு கேப்பார். அக்கவுண்ட்ஸ்ல இருந்த அண்ணன் ஒத்துக்கவே மாட்டார். "சார், ஒரு பேச்சுக்கு வருஷ லாபத்தை 60 மடங்கு போட்டு விலை சொல்றாங்க, இந்த லாபம் வரப்போறதே இன்னும் ஒரு வருஷம் தான், மெயின்டெனன்ஸ் வரும்னு சொல்றீங்களே, காகிதத்துல கையெழுத்து எங்க இருக்கு?" அப்புறம் பேலன்ஸ் ஷீட்ல டெப்டார்ஸ் பக்கத்தைக் காட்டுவார், பில் போட்டு வராம நிக்கிற பணம் விற்பனையை விட வேகமா ஏறிட்டிருந்துச்சு.

எனக்கு ரெண்டு பேர் சொன்னதுலயும் நியாயம் தெரிஞ்சுது, ஏன்னா அந்த கோடுக்குள்ள தினமும் உக்காந்திருந்தவன் நான். இன்சூரன்ஸ் கம்பெனியோட பழைய ப்ரோக்ராம், கோபோல்ங்கிற கம்ப்யூட்டர் மொழில இருந்தது, மெமரி விலை அதிகமா இருந்த காலத்துல வருஷத்துக்கு ரெண்டு இலக்கம் போதும்னு எழுதுனது. 65ல பொறந்தவருக்கு 2000ல வயசு கணக்குப் போட்டா 00லருந்து 65 கழிக்கும், மைனஸ் 65, ஆனா அந்த ஃபீல்டுல மைனஸ் குறி வெக்க எடமே இல்ல, அதனால வெறும் 65ன்னு நிக்கும். 35 வயசு ஆளு ஒரே ராத்திரில பென்ஷன் வாங்குற வயசுக்கு வந்துடுவார், ப்ரோக்ராம் ஒரு எரர் கூட காட்டாது! நிக்கிற ப்ரோக்ராமை விட இப்படி ஓடிட்டே தப்புக் கணக்கு போடுறது தான் பயங்கரம்.

தேதி ஃபீல்டைத் தேடித் தர டூல் இருந்துச்சு, ஆனா அது பேரை வெச்சு தான் தேடும். சம்பந்தமே இல்லாத பேர்ல தேதியைப் போட்டு வெச்சிருப்பாங்க, 99ன்னா முடிவு தேதி இல்லன்னு அர்த்தம்னு ஒரு இடத்துல இருக்கும், அதெல்லாம் கண்ணால படிச்சு தான் பிடிக்கணும். சீக்கிரம் முடிக்கணும்னா விண்டோயிங், அதாவது 50க்குக் கீழ இருந்தா 2000ங்கள், மேல இருந்தா 1900ங்கள்னு ஒரு கோடு கிழிச்சுடுறது. பொறந்த தேதிக்கு இது உதவாது, 1925ல பொறந்தவர் 2025ல பொறந்தவர் ஆயிடுவார், அங்க நாலு இலக்கமா விரிச்சு அந்த ஃபைலைத் தொடுற எல்லா ப்ரோக்ராமையும் மாத்தணும். இவ்வளவு படிச்சவனுக்கு அந்த சிஸ்டம் மனப்பாடம், லீட் சொன்னது அந்த அளவுக்கு சரி. ஆனா அந்த அறிவு கம்பெனிகிட்ட இல்ல, ஆளுங்க தலைல இருந்துச்சு. 99ல அமெரிக்கா அங்க போய் வேலை பாக்குறதுக்கான எச்1பி விசாவை வருஷத்துக்கு 65,000லருந்து 1,15,000 ஆக்குனாங்க, எங்க ஃப்ளோர்ல கோபோல் நல்லா தெரிஞ்சவன் ஒவ்வொருத்தனா கெளம்பிட்டான். ஷேர் வாங்குறவன் இதைத்தான் முதல்ல கேட்டிருக்கணும், யாரும் கேக்கல.

2000 பிறந்துச்சு, பெருசா ஒண்ணும் நடக்கல. ஷேர் அப்பவும் விழல, பிப்ரவரில சென்செக்ஸ் 6000 தாண்டுச்சு. மார்ச் 10ல நாஸ்டாக் உச்சத்தைத் தொட்டு இறங்க ஆரம்பிச்சப்புறம் தான் எங்களை மாதிரி சின்ன கம்பெனி ஷேரெல்லாம் சில ரூபாய்க்கு வந்துச்சு. மெயின்டெனன்ஸ் கொஞ்சம் வந்துச்சு, ஆனா ஒய்டூகேல ஓடுன ஆளுங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வேலை இல்ல, கோபோல் மட்டும் சொல்லிக்குடுத்து எடுத்த பசங்க ப்ராஜெக்ட் இல்லாம பெஞ்ச்ல உக்காந்து அப்புறம் அனுப்பப்பட்டாங்க. அதை நினைச்சா இப்பவும் கஷ்டமா இருக்கு.

ஷேர் விழுந்ததும் ஒய்டூகேயே ஏமாத்து வேலைன்னு பேச ஆரம்பிச்சாங்க, அதுக்குத்தான் எனக்குக் கோவம் வரும். விலை பொய்யா இருந்திருக்கலாம், வேலை பொய் இல்ல. இங்கிலாந்துல ஷெஃபீல்ட்ல ஒரு கம்ப்யூட்டர் கர்ப்பிணிகளோட வயசைத் தப்பாக் கணக்கு போட்டு, டவுன் சிண்ட்ரோம் டெஸ்ட் ரிசல்ட் 150க்கு மேல பெண்களுக்குத் தப்பா போச்சு. திருத்தாம விட்ட ஒரு இடத்துலயே இப்படின்னா, திருத்துன இடமெல்லாம் என்ன ஆகியிருக்கும்? அப்ப போட்ட விண்டோயிங்கும் நிரந்தரம் இல்ல, 50னு கோடு கிழிச்ச ப்ரோக்ராம் இன்னும் எங்கயாவது ஓடிட்டிருந்தா 2050க்குள்ள யாராவது அதைத் தொறந்து பாத்தே ஆகணும்.