மூணு விரலும் ஹெவி லைசென்சும்

இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் எனக்கு இல்லை. 2019-ல் கப்பலூர் பக்கம் ஒரு பட்டறையில், லேத்தில் போனது. கார் லைசென்ஸ் அதற்கு முன்பே கையில் இருந்ததால், காயம் ஆறியதும் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டப் போனேன். பரவை மார்க்கெட்டிலிருந்து காய்கறி லோடு. (அதற்கு பேட்ஜ், அதாவது சரக்கு வண்டி ஓட்டத் தனி அனுமதி, வேணாமா என்று இன்னும் கேட்கிறார்கள். வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் என்றால் கார் ஓட்ட எடுக்கிற எல்.எம்.வி. லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.)

பெரிய வண்டிக்கு அது செல்லாது. 20 வயது ஆகியிருக்கணும், எல்.எம்.வி. எடுத்து ஒரு வருஷம் ஓடியிருக்கணும், டிரைவிங் ஸ்கூல் கொடுக்கிற படிவம் 5 வேணும். இதெல்லாம் எனக்குப் பிரச்சினையே இல்லை. மாட்டியது படிவம் 1ஏ-வில், அதாவது டாக்டர் கையெழுத்தில்.

முதலில் போன டாக்டர் கையைப் பார்த்தார், படிவத்தைப் பார்க்கவே இல்லை. "இதை வச்சுக்கிட்டு லாரியா?" அவ்வளவுதான், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். கூட வந்த சித்தப்பா மகன், "கையை பாக்கெட்ல விட்டுக்கிட்டு வேற எடத்துல வாங்கிருவோம்ண்ணே" என்றான். மறைத்து வாங்கினால் நாளைக்கு ஒரு விபத்து என்றதும் எல்லாரும் முதலில் கிளறப்போவது அதைத்தான். வேண்டாம் என்றுவிட்டேன்.

அன்று ராத்திரி உட்கார்ந்து படிவத்தை வரி வரியாகப் படித்தேன். 25 மீட்டர் தள்ளி இருக்கிற நம்பர் பிளேட் தெரிகிறதா, ஹாரன் கேட்குமா, மாலைக்கண் உண்டா. அப்புறம் நம்ம வரி: ஓட்டுநர் வேலையை ஒழுங்காகச் செய்ய இடைஞ்சல் ஆகிற மாதிரி ஊனமோ உறுப்பிழப்போ உண்டா? விரல் இருக்கா இல்லையா என்பதல்ல கேள்வி, இடைஞ்சலா என்பதுதான். அதற்குப் பதில் எனக்கே தெரியாது. அதனால் டாக்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, தெரிந்த அண்ணன் ஒருவரின் பழைய லாரியில் ஷெட்டுக்குள்ளேயே உட்கார்ந்தேன். உசிலம்பட்டிக்காரர், முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர்.

கியர் ராடைக் குட்டி யானையில் பிடிக்கிற மாதிரியே இறுக்கிப் பிடித்தேன். முன்னால் போனது, பின்னால் இழுக்கும்போது கை வழுக்கியது. "பிடிக்காத தம்பி. போகும்போது உள்ளங்கையால தள்ளு. வரும்போது ரெண்டு விரலக் கொக்கி மாதிரி போட்டு முழங்கையால இழு." ஒரு சைக்கிள் டியூபைக் கீறி கியர் குமிழில் நாலு சுற்று சுற்றிக் கொடுத்தார். கிளட்சை முழுசா மிதிக்காததுதான் என் பாதித் தப்பு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பழியெல்லாம் கை மேல் போட்டிருந்தேன்.

ரெண்டு வாரம் கழித்து வேறொரு டாக்டரம்மாவிடம் போனேன். கையை நானே நீட்டிக் காட்டி, எப்படி கியர் போடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் தன் ரெண்டு விரலை என் கைக்குள் கொடுத்து, "இழுங்க" என்றார். இழுத்தேன். "போதும், போதும், விடுங்க" என்று சிரித்தார். விரல் இல்லாததையும் பிடி சரியாக இருப்பதையும் எழுதியே கையெழுத்துப் போட்டார்.

எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) போட்டேன், ஸ்கூலில் ஓட்டினேன், டெஸ்டும் முடிந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னபோது மட்டும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். லைசென்ஸ் அஞ்சு வருஷத்துக்கு. புதுப்பிக்கும்போது மறுபடி டாக்டர்.

வேலை கிடைத்த பிறகுதான் உண்மையான இடைஞ்சல் வந்தது. முதல் லோடு கம்பத்துக்கு உரமூட்டை. ஆண்டிபட்டி கணவாயில் கியரைக் குறைத்து ஏறுவது ஒன்றும் சிரமமாக இல்லை. தார்ப்பாய்தான். கயிற்றை இழுத்து முறுக்கி முடிச்சுப் போட நாலாவது, அஞ்சாவது விரல்தான் வேலை செய்யும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எந்தப் படிவத்திலும் அது இல்லை. உசிலம்பட்டி தாண்டுவதற்குள் ஒரு பக்கம் அவிழ்ந்து படபடவென்று அடித்தது. ஓரங்கட்டி, கிளீனர் பையன்தான் இறங்கிக் கட்டினான்.

இப்போது கயிறு அவன் பொறுப்பு, பஞ்சர் என்றால் ஸ்பேனரைக் காலால் மிதிப்பது என் பொறுப்பு. என் பேட்டாவிலிருந்து டிரிப்புக்கு 50 ரூபாய் அவனுக்கு. அவன் இல்லாத நாளில் மூடிய கண்டெய்னர் லோடு என்றால் மட்டும் போகிறேன்.