பிள்ளைகளை நாடகத்துக்கு விடுகிறீர்களா? கடிதங்களை முதலில் எடுங்கள்

நாடகத்தில் நடிக்கப் பிள்ளைகள் வேண்டும் என்று எல்லோரும் ஆசையாகக் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் விடுப்பு யார் எடுப்பது, இரவில் வீட்டுக்கு யார் கொண்டுபோய் விடுவது, சான்றிதழில் அவர்களுடைய பெயர் வருமா என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இல்லை. எங்கள் ஊர்க் கலாமன்றம் இந்த வருடம் மேடையேற்றிய அரிச்சந்திர மயான காண்டம் இசை நாடகத்தில் என் மகளும் இன்னும் ஐந்து பிள்ளைகளும் நடித்தார்கள். பெற்றோர் சார்பில் எல்லா இடமும் ஏறி இறங்கியவள் நான். வன்னியில் வேறு ஊர்களிலும் பிள்ளைகளை வைத்து நாடகம் பழக்குகிறார்கள். அந்தத் தாய் தகப்பன்மாருக்கு நான் பட்ட அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஆள் தெரிவு, பாட்டுக் கொப்பி எழுதிக் கொடுத்தது, தாளம் பழக்கியது எல்லாம் நாடகம் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியாரின் வீட்டு முற்றத்தில் ஒரு கரைச்சலும் இல்லாமல் நடந்தன. மகளுக்கு அரிச்சந்திரன், சந்திரமதியின் மகன் லோகிதாசன் பாத்திரம். மற்றப் பிள்ளைகள் அவனோடு காட்டுக்குத் தர்ப்பை வெட்டப் போகிற அந்தணச் சிறுவர்கள். முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்தும் காத்தவராயன் கூத்தும் பார்த்து வளர்ந்த சனத்துக்கு மயான காண்டமும் புதிதல்ல. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் நாடகக் குழுவான வசந்தகான சபாவை நேரில் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் பாடுவது பெரியவர்களுக்கே நடுக்கம். பிள்ளைகள் நடுங்கவில்லை.

பழகும் காலத்தில் வந்த ஒரே இடைஞ்சல் சுருதிதான். ஆர்மோனியக்காரர் பெரிய நடிகர்களின் குரலுக்கு வைத்த கட்டையிலேயே பிள்ளையையும் பாடச் சொன்னார். அது அவளுக்குக் கீழே போய்விட்டது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. ‘பாடப் பாட வந்துவிடும் தங்கச்சி’ என்றார். வராது. பிள்ளையின் தொண்டையை வருத்திப் பலன் இல்லை. லோகிதாசன் தனியாகப் பாடும் இடங்களில் சுருதியை ஏற்றி வாசிக்கும்படி அண்ணாவியார் சொன்ன பிறகுதான் குரல் வெளியே வந்தது. இதை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள். வெள்ளுடுப்பு என்கிற கடைசிக்கட்ட ஒத்திகை வரைக்கும் விட்டால் பிறகு ஒருவரும் மாற்றமாட்டார்கள்.

வீட்டில் வந்த மறுப்பு வேறு விதமானது. லோகிதாசனைப் பாம்பு கடிக்கும். அவன் உடலை மடியில் போட்டுச் சந்திரமதி புலம்புவாள், பிறகு சுடலைக்குத் தூக்கிக்கொண்டு போவாள். கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்டுக் காவல்காரன் மறிப்பான். அவ்வளவு நேரமும் பிள்ளை பிணமாகக் கிடக்க வேண்டும். என் அம்மா இதைக் கேட்டதும் சாப்பிடாமல் எழுந்துவிட்டா. என் தம்பி 2009 இல் இறுதிப் போரில் மாத்தளனில் செத்துப்போனவன். அவனை ஒழுங்காகக் கிடத்தி அழவும் அம்மாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. பேரப்பிள்ளையை மேடையில் அப்படிப் பார்க்க முடியாது என்றா. அண்ணாவியார் எங்கள் வீட்டுக்கே வந்து திண்ணையில் இருந்து பேசினார். ‘அம்மா, கதை சுடலையில் முடிவதில்லை. கடவுள் வந்து பிள்ளையை எழுப்புவார். அந்தக் காட்சியை வெட்டாமல் நடத்துவது என் பொறுப்பு’ என்றார். அம்மா அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சம்மதித்தா. மேடையில் பிள்ளை எழும்பி நிற்க வேண்டும், அன்றிரவே நாவூறு கழிக்க வேண்டும். இந்த இரண்டும்தான் அவ கேட்டது.

இந்த வாக்கைக் காப்பாற்றுவதற்குத்தான் பொலிஸ் நிலையத்துக்கு நடக்க வேண்டி வந்தது.

ஒலிபெருக்கி அனுமதி எடுப்பது எல்லா மன்றங்களுக்கும் பழக்கமான வேலை. 2007 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்த பிறகு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி போடப் பொதுவாக அனுமதி கிடைப்பதில்லை. விடிய விடிய ஆடிய காலத்துக் கதையைப் பத்து மணிக்குள் அடக்க வேண்டும். அதனால் மாலை 6 மணிக்குத் தொடங்குவதாக எழுதி, விதானையாரின் (கிராம அலுவலரின்) சிபார்சுக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தோம். கைக்கு வந்த அனுமதியில் 7 முதல் 10 வரை என்று இருந்தது. ஒரு மணித்தியாலம் போனால் கடைசிக் காட்சி போய்விடும். திரும்பப் போனேன். ‘கோயில் திருவிழா நிகழ்ச்சிக்கு வழமையாக ஏழு மணிதான் போடுவோம். ஒரு மணித்தியாலத்தில் என்ன வந்துவிடும்?’ என்று கடமையில் இருந்தவர் கேட்டார். திருத்துவதானால் பொறுப்பதிகாரி வரவேண்டுமாம். அடுத்த நாள் போனால் பொறுப்பதிகாரி நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். வெயிலில் பஸ்ஸுக்கு நின்று வீட்டுக்கு வந்ததுதான் மிச்சம். அதற்கு அடுத்த முறைதான் ஏழை வெட்டி ஆறு என்று எழுதித் தந்தார்கள். எழுதினால் மட்டும் போதாது. வெட்டிய இடத்தின் பக்கத்தில் கையொப்பமும் முத்திரையும் இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வாசலைத் தாண்டினேன். நிகழ்ச்சி அன்று அந்தக் கடிதத்தைக் கேட்டுப் பார்த்தார்கள், முத்திரையையும் பார்த்தார்கள்.

இவ்வளவு பாடுபட்டு வாங்கிய ஒரு மணித்தியாலத்தைத் தின்றது பொலிஸ் அல்ல, எங்கள் மேடைதான். ஆறு மணிக்குப் பிள்ளைகள் முகத்தில் பூச்சோடு தயாராக இருந்தார்கள். பிரதம விருந்தினர் வரவில்லை. வந்த பிறகு மாலை, பொன்னாடை, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. பேச்சுகளை நாடகத்துக்குப் பிறகு வைப்பதாக மன்றக் கூட்டத்தில் ஒத்துக்கொண்டவர்களே மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகள் நடிக்கும் நாடகத்தில் பேச்சுகளை முன்னுக்கு வைக்க விடாதீர்கள். வாய்ச் சொல்லை நம்பாமல் நிகழ்ச்சி நிரலில் அச்சடிக்கச் செய்யுங்கள்.

சந்திரமதி மகனைச் சுமந்துகொண்டு சுடலைக்கு வரும்போதே பத்து மணி நெருங்கிவிட்டது. மகளை மேடை நடுவில் கிடத்தினார்கள். சோளகக் காற்றில் பின்திரை அடித்துக்கொண்டிருந்தது. விளக்கு வெளிச்சத்துக்கு வந்த ஒரு பூச்சி அவளுடைய கழுத்தில் ஊர்ந்து காதுப் பக்கம் போனதை நான் பக்கத்திரைக்குள் நின்று பார்த்தேன். முகம் அசையவில்லை, காலின் பெருவிரல் மட்டும் மடங்கி நிமிர்ந்தது. முகத்தைச் சபைக்கு மறுபக்கம் திருப்பி, நெஞ்சு தெரியாமல் வயிற்றால் மெதுவாக மூச்சு விட வேண்டும் என்று அண்ணாவியார் பழக்கியிருந்தார். சிறிய பிள்ளை அதை எப்படிப் பிடித்துக்கொண்டாளோ தெரியாது. முன்வரிசைகளில் அம்மாமார் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள். அந்தப் பாட்டை நாடகமாக மட்டும் கேட்க எங்கள் ஊரில் எத்தனை பேரால் முடியும்?

அந்த நேரத்தில் பொலிஸ்காரர் மேடைப் பக்கம் வந்து மணிக்கூட்டைக் காட்டினார். அவரில் பிழை இல்லை, அது அவருடைய கடமை. மன்றத்தில் ஒருவர், ‘மங்களம் பாடி முடியுங்கள்’ என்று உள்ளே வந்து சொன்னார். பிள்ளை கிடந்தபடியே கிடக்கட்டும், திரையைப் போடுங்கள் என்கிறார்! நான் முடியாது என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அண்ணாவியார் என்னைப் பார்த்தார், பிறகு ஒலிபெருக்கிக்காரரிடம் நிறுத்தச் சொன்னார். மைக் நின்றது. ஆர்மோனியமும் மிருதங்கமும் நிற்கவில்லை. பின்னால் இருந்த சனம் பாய்களையும் கதிரைகளையும் இழுத்துக்கொண்டு மேடையடிக்கு வந்தது. பெரியவர்கள் வெறும் குரலில் கடைசிக் காட்சியைப் பாடினார்கள். அரிச்சந்திரன் வாளை ஓங்க, கடவுள் தோன்றித் தடுக்க, மகள் எழுந்து நின்றாள். அம்மா கை தட்டவில்லை. எழும்பி நின்று இரண்டு கையாலும் கும்பிட்டா. அந்தப் பொலிஸ்காரரும் கடைசி வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

பூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். முத்துவெள்ளை என்கிற ஒப்பனைப் பொடியை நேரே முகத்தில் போட்டதில் ஒரு பையனுக்குக் கன்னம் முழுவதும் தடித்துவிட்டது. முதலில் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். அதற்கும் முதல், இரண்டு நாள் முன்னதாகக் கையில் கொஞ்சம் பூசிப் பாருங்கள்.

இரவு வீட்டுக்குப் போவதும் இங்கே இலேசான வேலை அல்ல. அந்த நேரத்தில் பஸ் இல்லை. காட்டு வீதியில் யானை நிற்கும். மோட்டார் சைக்கிளில் முன்னும் பின்னும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போவது கூடாது என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். ஒருவருடைய உழவு இயந்திரப் பெட்டியில் எல்லாப் பிள்ளைகளையும் தாய்மாரையும் ஒன்றாக ஏற்றி வீடு வீடாக இறக்கினோம். டீசல் காசை மன்றம் கொடுத்தது. இதையும் முன்கூட்டியே மன்றச் செலவில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஊரில் பெயர் கிடைத்ததும் மாவட்ட விழா ஒன்றுக்கு அழைப்பு வந்தது. சந்தோசம்தான். ஆனால் அது கிழமை நாளில், காலை நிகழ்ச்சி. உண்மையான அலைச்சல் அங்கேதான் தொடங்கியது.

பாடசாலை நேரத்தில் பிள்ளைகளை வெளியே விட வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி வேண்டும் என்றார் அதிபர். கல்விப் பணிமனைக்குப் போனேன். அங்கே இருந்த எழுதுவினைஞர் கடிதத்தை முழுதாக வாசிக்கவும் இல்லை. ‘இது பாடசாலை நிகழ்ச்சி இல்லையே, எங்களுக்குச் சம்பந்தமில்லை. அதிபரே விடலாம்’ என்றார். அதை அதிபரிடம் சொன்னேன். ‘அப்படியானால் எழுத்தில் வாங்கி வாருங்கள்’ என்றார். திரும்பப் பணிமனை. ‘சம்பந்தமில்லாத விடயத்துக்கு எப்படிக் கடிதம் தருவது?’ பக்கத்து மேசையில் இருந்தவர் தலையை நிமிர்த்தவும் இல்லை. பந்தை உதைப்பது போல இரண்டு பக்கமும் என்னை உதைத்தார்கள். ஒருவரிலும் கோபித்துப் பேச முடியாது. நாளைக்கு அதே பிள்ளை அதே பாடசாலைக்குத்தான் போகவேண்டும். இதற்கிடையில் ஐந்தாம் ஆண்டுப் பையனின் தாய், புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது, இந்த இழுபறியெல்லாம் வேண்டாம் என்று மகனை நிறுத்திவிட்டா. அவவைக் குறை சொல்லமாட்டேன். பையன் வேலிக்கு அப்பால் நின்று தன் பாட்டைத் தானே பாடிக்கொண்டிருந்ததுதான் தாங்கமுடியவில்லை.

முடிச்சை அவிழ்த்தது பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தர். அழைப்புக் கடிதத்தைக் கேட்டு வாங்கி வாசித்தார். அது மன்றத் தலைவர் பெயருக்கு மட்டும் வந்திருந்தது. ‘தங்கள் குழுவினர்’ என்று இருந்ததே தவிர, பிள்ளைகள் என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. ‘பிள்ளைகள் வருவதே கடிதத்தில் இல்லை. அதிபர் எதை வைத்து விடுவார்?’ என்றார். அவரே விழா ஏற்பாட்டாளருடன் தொலைபேசியில் பேசினார். அதிபருக்கு விலாசமிட்டு, பிள்ளைகளின் முழுப்பெயர், தரம், போகும் நேரம், திரும்பும் நேரம், கூடப் போகும் பெற்றோரின் பெயர் எல்லாம் போட்டு, வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் பிரதி என்று கீழே குறிப்பிட்டு ஒரு கடிதம் வந்தது. அதைக் கொடுத்த அன்றே அதிபர் கையொப்பம் வைத்தார். வரவு இடாப்பிலும் பிள்ளைகளை வரவில்லை என்று பதியவில்லை. பிள்ளைகளை எங்கே கூப்பிட்டாலும் இப்படிக் கடிதம் கேளுங்கள். கடிதம் வரும்வரை வானுக்கு முற்பணம் கட்டாதீர்கள். மன்றத்தின் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். எங்களுடையது காலாவதியாகி இருந்ததால் செயலாளர் தனியாக ஓடவேண்டி வந்தது.

விழா நன்றாக நடந்தது. பத்து மணிப் பயம் இல்லாததால் மகள் நிதானமாகப் பாடினாள்.

பிறகு சான்றிதழ் வந்தது. பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. பிள்ளைகளுக்கு இல்லை. பட்டியலின் கடைசி வரியில் ‘மற்றும் சிறுவர்கள்’ என்று தட்டச்சு செய்திருந்தார்கள். மாதக்கணக்காக ஒத்திகைக்கு வந்தவர்கள், பூச்சி ஊர்ந்தாலும் அசையாமல் கிடந்த பிள்ளை, இரண்டு வரிப் பாட்டுக்காகத் தூக்கத்தை விட்ட சின்னவன், எல்லோரும் சேர்ந்து ஒரு ‘மற்றும்’. எனக்கு வந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு அதிபருக்கு வந்த அந்தக் கடிதத்தின் நிழற்பிரதியை எடுத்துப் போனேன். அவர்களே பெயர் போட்டு அழைத்த பிள்ளைகள் என்று காட்டினேன். மறுக்க முடியவில்லை. புதிதாக அடித்துத் தந்தார்கள். தரத்தோடும் பாத்திரத்தின் பெயரோடும் சான்றிதழ் வாங்கிய அன்று பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு பிள்ளைக்கு மட்டும் தகப்பனின் தலைப்பெழுத்து மாறி வந்திருக்கிறது. தலைப்பெழுத்துப் பிழைத்த சான்றிதழ் பிறகு ஒரு நேர்முகத்துக்கும் உதவாது. அதனால் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். அந்தப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியையும் கொண்டு போகிறேன்.