படித் தகட்டுக்கு அடியில் இருந்த ஆரஞ்சு

மிஷிகனில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறை ஒன்றில் பதினோரு வருடமாகப் பெயிண்ட் வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருபவை பெரும்பாலும் அறுபதுகளின் பிற்பாதியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் வந்த, பெரிய எஞ்சின் வைத்த 'மசில்' கார்கள்: கேமரோ, செவெல், மஸ்டாங், சேலஞ்சர்.

சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு காரியம் இன்றும் உறுத்துகிறது. 1969 கேமரோ ஒன்று வந்திருந்தது. எஞ்சினை இறக்கிய பிறகு, எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வால் என்ற தடுப்புத் தகடு முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. தின்னரில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தேன். பிசுக்கோடு சேர்ந்து மஞ்சளாக ஏதோ கரைந்து வந்தது. இரண்டு எண்கள், பக்கத்தில் ஒரு கோடு. ஆலையில் யாரோ மெழுகுக் கட்டியால் எழுதியது என்று எனக்குப் புரிவதற்குள் பாதி எழுத்து துணிக்கு வந்துவிட்டது. பட்டறையின் மூத்த பெயிண்டர் வந்து பார்த்தார். திட்டவில்லை. "இதை எழுதினவர் ஷிஃப்ட் முடிஞ்சு எப்பவோ வீட்டுக்குப் போயிட்டார். இனிமே யாரைப் போய்க் கேட்கிறது?" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து உப்புத்தாளைக் கையில் எடுப்பதற்கு முன் கேமராவை எடுக்கிறேன். ஒரு காருக்கு ஐந்நூறு, அறுநூறு படங்கள் ஆகிவிடும். மணலடித்துப் பெயிண்டை உரிக்க ஒரு நாள் போதும். உரித்ததைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

போன வருடம் வந்தது இன்னொரு 1969 கேமரோ, இசட் 28 என்ற வேக ரகம். ஒஹாயோவில் சின்சினாட்டியை ஒட்டியிருந்த நார்வுட் ஆலையில் செய்தது. அந்த ஆலையை 1987-இல் மூடிவிட்டார்கள். கார் வரும்போது அடர் நீலத்தில் இருந்தது. ஃபயர்வாலில் பதித்த சிறு தகட்டில் பெயிண்ட் எண் 72 72 என்று இருந்தது. முதல் எண் உடலின் கீழ்ப்பகுதிக்கு, அடுத்தது மேற்பகுதிக்கு. 72 என்றால் ஹக்கர் ஆரஞ்சு. கடையில் அந்த எண்ணைச் சொன்னால் கலந்து தருவார்கள்தான். ஆனால் அது இன்றைய கலவை. அந்தக் காரில் அன்று விழுந்த நிறம் எது என்பதைக் காரிடம்தான் கேட்க வேண்டும்.

கதவைத் திறந்தால் காலடியில், கதவுப் படியின் மேல், ஓர் அலுமினியத் தகடு இருக்கும். அதுதான் படித் தகடு. 'பாடி பை ஃபிஷர்' என்ற சின்னம் அதில் பதிந்திருக்கும். அதைக் கழற்றினேன். அடியில் அழுக்குக்குக் கீழே ஆரஞ்சு. வெயிலும் பாலிஷ் கம்பவுண்டும் படாமல், நீலம் அடித்தவர்களின் ஸ்பிரே கன்னும் எட்டாமல் அப்படியே இருந்தது. தின்னர் தொட்ட துணியை ஓர் ஓரத்தில் வைத்ததும் நிறம் துணியில் ஏறியது. ஜெனரல் மோட்டார்ஸ் அந்தக் காலத்தில் அடித்தது அக்ரிலிக் லாக்கர். அது எப்போதும் தன் தின்னரில் கரையும். இப்போதைய யூரித்தேன் பெயிண்ட் இறுகிவிட்டால் இப்படி எளிதில் இளகாது.

லாக்கரை ஆலையில் அடித்த விதமும் எனக்குப் பிடிக்கும். அடித்து அடுப்பில் சுடுவார்கள். பிசிறுகளைத் தேய்ப்பார்கள். பிறகு இன்னும் அதிகச் சூட்டில் மறுபடி சுடுவார்கள். பெயிண்ட் இளகி ஓடி, தேய்த்த கீறல்களைத் தானே மூடிக்கொள்ளும். மேலே தெளிவான பூச்சு கிடையாது, நிறமே கடைசி அடுக்கு. கதவு இடுக்குகளில் அவ்வளவு கவனம் இருக்காது. அங்கே ஆரஞ்சுப் பழத் தோல்போலச் சொரசொரப்பும், சில இடங்களில் வழிந்து நின்ற துளிகளும் இருக்கும். பக்கவாட்டில் அடித்த நிறம் அடித்தளத்தின் ஓரங்களில் புகைபோலப் படிந்து, உள்ளே போகப்போக மங்கி, வெறும் பிரைமராக, அதாவது அடிப்பூச்சாக, முடியும்.

இன்னொன்று. காரின் உடலைச் செய்து பெயிண்ட் அடித்தது ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு. முன்பக்க ஃபெண்டர்களையும் பானெட்டையும் தனியே அடித்துச் சேர்த்தது அதன் செவர்லே பிரிவு. இரண்டு இடம், இரண்டு கை. அதனால் கதவுக்கும் ஃபெண்டருக்கும் நிறத்தில் மயிரிழை வித்தியாசம் புதுக் காரிலேயே இருந்திருக்கலாம். இதைச் சொன்னால் காரின் சொந்தக்காரர்கள் பலர் நம்ப மாட்டார்கள்.

இசட் 28-இன் பட்டைக் கோடுகளில்தான் வாடிக்கையாளரோடு வாதம் வந்தது. ஆலையில் அவற்றை நிறத்தின் மேல் அடித்தார்கள். விரல் வைத்து ஓட்டினால் விளிம்பு தட்டுப்படும். அவருக்கு அது பிடிக்கவில்லை. மேலே தெளிவான பூச்சு போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கித் தரச் சொன்னார். அவர் கார், அவர் பணம். ஆனாலும் விடாமல் பேசினேன். படித் தகட்டைக் கழற்றி அந்த ஆரஞ்சைக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தவர், "சரி, விளிம்பு இருக்கட்டும்" என்றார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கியது.

அப்புறம் அவர் எதிர்ப்பக்கம் போய்விட்டார். வருடந்தோறும் நவம்பரில் இலினாயில் ரோஸ்மாண்டில் நடக்கும் மசில் கார் கண்காட்சிக்குக் கொண்டுபோக ஆசை. அதற்காக ஆலையில் போட்டதுபோலவே ஃபயர்வாலில் மெழுகுக் கட்டி எண்கள், சோதனை முத்திரை, ஸ்பிரிங்குகளில் வண்ணக் கோடு எல்லாம் வேண்டும் என்றார். வேறு கார்களின் படங்களையும் கொண்டுவந்தார். இதில் நான் அசையவில்லை. இந்தக் காரில் எது இருந்தது என்று படம் எடுத்து வைத்திருக்கிறேனோ அதை மட்டும்தான் திரும்ப எழுதுவேன். ஸ்பிரிங்கில் ஒரு கோடு மங்கலாகத் தெரிந்தது, அதைப் போட்டேன். ஃபயர்வாலில் ஒன்றும் மிஞ்சவில்லை, அது வெறுமையாகவே இருக்கிறது. இன்னொரு காரின் எழுத்தை இதில் எழுதினால், அது அந்தத் தொழிலாளியின் கையெழுத்தை நான் போடுவது போல.

நிறத்தைப் பொருத்த ஒன்பது மாதிரித் தகடுகள் அடித்தேன். ஒவ்வொன்றையும் காலை வெயிலில் கதவுப் படியில் இருந்த ஆரஞ்சின் அருகே வைத்துப் பார்த்தேன். பட்டறை விளக்கில் ஒத்துப்போன இரண்டு, வெயிலில் சிவந்து காட்டின. ஏழாவது நின்றது.

கார் முழுக்க அடித்து முடித்தும், வலதுபுறப் படியில் கை நீளத்துக்கு ஓர் இடத்தை மாஸ்கிங் பேப்பர் ஒட்டி விட்டுவைத்திருந்தேன். சொந்தக்காரரிடம் முன்பே கேட்டுக்கொண்டதுதான். பேப்பரை உரித்து, தூசியைத் துடைத்து, அந்தப் பழைய ஆரஞ்சின் மேல் ஃபிஷர் தகட்டை வைத்துத் திருகுகளை முடுக்கினேன்.