முத்துமாலைக்குப் பின்னால் ஒரு தொண்டைக்குழி

அமெரிக்காவில் தொலைக்காட்சி அம்மா என்றதும் பழைய தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு முத்துமாலை. 'லீவ் இட் டு பீவர்' என்ற நகைச்சுவைத் தொடரில் இரண்டு பையன்களின் அம்மா ஜூன் க்ளீவராக நடித்த பார்பரா பில்லிங்ஸ்லி, அடுப்படியில் நின்றாலும் கழுத்தில் அந்த மாலையோடுதான் நிற்பார். வீட்டு வேலை செய்யும் எந்தப் பெண் இப்படி அலங்கரித்துக்கொள்வாள் என்று பின்னாளில் எத்தனையோ பேர் கேலி செய்தார்கள். அது அலங்காரமே இல்லை, வேலைக்கான கருவி.

பார்பராவின் தொண்டைக்குழி கொஞ்சம் ஆழமானது. மேலிருந்து விழும் விளக்கு வெளிச்சத்தில் அந்தக் குழியில் நிழல் தங்கும். தொடர் முழுக்கக் கறுப்பு வெள்ளை. கலர் படத்தில் தோலின் நிறத்தோடு கலந்துவிடும் நிழல், கறுப்பு வெள்ளையில் கழுத்தில் மை தடவியதுபோலத் தெரியும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் கழுத்துக்கென்று தனியாக லைட்டை மாற்றலாம்தான். வாரம் ஒரு எபிசோட் முடிக்கவேண்டிய இடத்தில் அதற்கு நேரம் ஏது? வெள்ளை முத்து வெளிச்சத்தைத் தானே வாங்கித் திருப்பிக் கொடுக்கும். பார்ப்பவர் கண் முத்தில் நின்றுவிடும், குழிக்குப் போகாது. எல்லாக் காட்சியிலும் அதே மாலை என்பதால், ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் தோற்றம் பொருந்தவேண்டும் என்ற கன்டினியூட்டி கவலையும் இல்லை.

ஹை ஹீல்ஸ் கதையும் இப்படித்தான். 1957 அக்டோபரில் தொடர் ஆரம்பித்தபோது இளைய மகன் பீவராக நடித்த ஜெர்ரி மேதர்ஸுக்கு 9 வயது, அண்ணன் வாலியாக நடித்த டோனி டோவுக்கு 12. அப்போது பார்பராவுக்குத் தட்டைச் செருப்பே போதுமானதாக இருந்தது. பையன்கள் நெடுநெடுவென வளர ஆரம்பித்ததும் சிக்கல் வந்தது. இடுப்புக்கு மேல் எடுக்கும் ஷாட்டில் கண்டிக்கிற அம்மா நிமிர்ந்து பார்க்க, தப்பு செய்த மகன் குனிந்து பார்த்தால் அந்தக் காட்சி நிற்காது. மகனைக் குட்டையாக்க முடியாது, அம்மாவை உயர்த்தலாம். குதிகால் ஏறியது அதனால்தான். ஆறு வருடமும் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றாத அம்மா என்று பெயர் வாங்கியது மிச்சம்.

ஒரு சீசனுக்கு 39 எபிசோட், ஆறு சீசன், மொத்தம் 234. பார்வையாளர்களை உட்காரவைத்து எடுத்த தொடர் அல்ல. சினிமாபோல ஒற்றை கேமராவில் ஷாட் ஷாட்டாக எடுத்தது. சிரிப்புச் சத்தம் பிறகு சேர்த்தது. அதனால் செட்டில் சிரிப்பு எங்கே வரும் என்று நடிகருக்குக் காதில் விழாது. அளவாக இடைவெளி விட்டுப் பேசவேண்டும். குழந்தை நடிகர்கள் தினமும் 3 மணி நேரம் ஸ்டுடியோவிலேயே பாடம் படித்தாகவேண்டும் என்பது கலிஃபோர்னியா சட்டம். குழந்தைகளை வைத்து இப்படி எடுக்கும் எந்தத் தொடரிலும் கிடைக்கும் நேரத்தில் முதலில் பையன்கள் பக்கம் எடுக்கப்படும். அம்மாவின் க்ளோசப்புக்கு வரும்போது எதிரே பையன் இல்லாமலும் போகலாம். வேறொருவர் வசனம் படிக்க, பையனின் கண் இருந்த அதே உயரத்தைப் பார்த்து அம்மா நடிக்கவேண்டும். லுக் நாலு விரல் மேலே போனாலும் எடிட்டிங்கில் தெரிந்துவிடும்: அம்மா மகனைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கிறாள்.

இந்த இடத்தில்தான் பார்பராவின் திறமையை நான் மதிக்கிறேன். ஜூனுக்கு நகைச்சுவை வசனம் குறைவு. சிரிப்பு பீவருக்கு, அறிவுரை அப்பா வார்டுக்கு. அம்மாவுக்கு மிஞ்சுவது கேட்டுக்கொண்டிருப்பது. பையன் உளறுவதைக் கேட்டு முகத்தில் கவலை லேசாக வரவேண்டும், கூடவே சிரிப்பை அடக்குவதும் தெரியவேண்டும். கொஞ்சம் கூடினால் நாடகம். குறைந்தால் பையனின் உளறல் எடுபடாது. 234 எபிசோடிலும் அந்த அளவு மாறாமல் வைத்திருந்தார் என்பது சின்ன விஷயமல்ல.

அந்த நிதானத்துக்குப் பின்னால் இருந்த வாழ்க்கை நிதானமானதல்ல. 1915ல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். நியூயார்க்குக்கு நடிக்கப் போன நாடகம் சில நாட்களில் படுத்துவிட, அங்கேயே மாடலிங் செய்து பிழைத்தார். 1945ல் எம்.ஜி.எம். சினிமா ஸ்டுடியோவின் ஒப்பந்தம் கிடைத்தது, வந்தவை பெரும்பாலும் சின்ன வேடங்கள். முதல் திருமணம் விவாகரத்தில் முடிந்தது, இரண்டு மகன்கள். இரண்டாவது கணவர் ராய் கெல்லினோ 1956ல் இறந்தார். மறுவருடம் அமெரிக்காவின் நிறைவான குடும்பத்தலைவியாகத் திரையில் வந்தபோது, நிஜத்தில் அவர் கணவனை இழந்து, சம்பாதித்துப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்த பெண்.

1963ல் தொடர் முடிந்தது. மறு ஒளிபரப்பு நிற்கவில்லை, வேலை நின்றுவிட்டது. எங்கே போனாலும் ஜூன் க்ளீவர் என்ற முகம். வேறு வேடத்துக்குக் கூப்பிட்டவர்கள் அரிது. மறு ஒளிபரப்புப் பணமாவது தொடர்ந்து வந்ததா என்றால், அந்தக் கால ஒப்பந்தங்களில் முதல் சில ஒளிபரப்புகளோடு சரி. எத்தனை முறை ஓடினாலும் நடிகருக்குப் பங்கு என்பது நடிகர் சங்கத்தின் 1974 ஒப்பந்தத்தில்தான் வந்தது, பழைய தொடர்களுக்கு அது உதவவில்லை. தினமும் எங்காவது ஒரு வீட்டில் அவர் முகம் ஓடிக்கொண்டிருக்க, அவருக்கு வேலையில்லை. இது எனக்கு இன்றும் அநியாயமாகவே படுகிறது.

கதவைத் திறந்தது 1980ல் வந்த 'ஏர்ப்ளேன்!' என்ற நகைச்சுவைப் படம். விமானத்தில் இரண்டு கறுப்பினப் பயணிகள் 'ஜைவ்' என்ற கொச்சையில் பேச, பணிப்பெண்ணுக்குப் புரியவில்லை. பக்கத்தில் எழுந்து நிற்கும் கண்ணியமான வெள்ளைக்கார அம்மாவாக வரும் பார்பரா, தனக்கு ஜைவ் தெரியும் என்று மொழிபெயர்க்கிறார். அந்தப் பேச்சை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அதே காட்சியில் நடித்த நார்மன் அலெக்ஸாண்டர் கிப்ஸும் அல் ஒயிட்டும். காட்சி கெட்டுப்போகும் இடம் ஒன்றுதான்: நடிப்பவர் தானும் சிரிப்பில் சேர்ந்துகொள்வது. பார்பரா சேரவில்லை. பீவரிடம் பேசிய அதே அக்கறையோடு ஜைவும் பேசினார்.

அதன்பின் வேலை தேடி வந்தது. வார்டாக நடித்த ஹ்யூ போமான்ட் 1982ல் இறந்திருந்ததால், பழைய குடும்பத்தை மறுபடி சேர்த்து 1983ல் எடுத்த மறுசந்திப்புப் படத்தில் ஜூன் கணவனை இழந்தவள். பார்பராவின் மூன்றாவது கணவரும் 1981ல்தான் இறந்திருந்தார். அதைத் தொடர்ந்து வந்த புதிய தொடர் 1989 வரை ஓடியது.

1984 முதல் 1991 வரை 'மப்பெட் பேபீஸ்' கார்ட்டூனில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நானிக்குக் குரல் கொடுத்தார். நானியின் முகத்தைக் கார்ட்டூன் காட்டவே இல்லை. குழந்தைகளின் கண் உயரத்துக்குத் தெரிவது பாவாடையும் பச்சைக் கோடு போட்ட காலுறையும்தான். மாலையும் ஹீல்ஸும் அங்கே தேவைப்படவில்லை.