மூன்றில் ஒரு பந்து

பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையில்லாமல் தத்தளிக்கும் மனநலச் சிக்கல்) உள்ளவர்களுக்கு ஒதுக்கப்படுவது மற்றவர்களைவிட அதிகம் வலிக்கும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் கவனிக்க வேண்டியது, யாரும் ஒதுக்காத நேரத்தில் என்ன நடக்கிறது என்பதை.

இதற்கான சோதனை சைபர்பால். உளவியலாளர் கிப்ளிங் வில்லியம்ஸ் உருவாக்கிய பந்து விளையாட்டு. திரையில் மூன்று பேர், அதில் ஒருவர் நீங்கள். மற்ற இருவரும் நிஜ ஆட்கள் என்று சொல்லி வைத்திருப்பார்கள். உண்மையில் ஆடுவது கணினி. 'சேர்க்கும்' சுற்றில் மூன்று வீச்சுக்கு ஒன்று உங்களுக்கு வரும். 'ஒதுக்கும்' சுற்றில் ஆரம்பத்தில் ஓரிரு தடவை வந்துவிட்டு அப்படியே நின்றுவிடும். நவோமி ஐசன்பெர்கர் குழு 2003-ல் சாதாரண ஆட்களை மூளை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து இதை ஆடவைத்தது. பந்து வராதபோது மூளையின் முன் சிங்குலேட் பகுதியில் செயல்பாடு கூடியது.

இந்தப் பகுதியை 'வலி மையம்' என்று எழுதிவிடுவது பத்திரிகைப் பழக்கம். எதிர்பார்த்தது நடக்காவிட்டாலும் அதே பகுதி கிளரும். போதாக்குறைக்கு, பந்தே வராதவருக்கு பட்டன் அழுத்தும் வேலையும் இல்லை. சுற்றுகளுக்கிடையே தெரியும் வித்தியாசம் எதனால் வந்ததென்று எப்படிச் சொல்வது?

2014-ல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வு, இந்தக் கோளாறு உள்ள 20 பேர், இல்லாத 20 பேர் என்று வைத்து, மூன்றாவது சுற்றொன்றைச் சேர்த்தது. அதில் யார் யாருக்கு எறிவது என்பது முன்கூட்டியே வகுத்த விதிப்படிதான். யாரும் யாரையும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. நோயாளிகளுக்கு முன் சிங்குலேட் பகுதியும் நடு முன்மூளைப் புறணியும் மூன்று சுற்றிலும் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வேலை செய்தன. சமமாகப் பந்து வந்த சுற்றிலேயே தங்களை ஒதுக்குவதாக அவர்கள் உணர்ந்தார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் இவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு உடனே புரியும்.

"உன்னை யாரு ஒதுக்கினா?" என்று வாதாடிப் பயனில்லை. "அப்புறம் பேசறேன்" என்பதற்குப் பதில் "எட்டு மணிக்குக் கூப்பிடறேன்" என்று சொல்லி, எட்டுக்கே கூப்பிடுங்கள்.

டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்று இந்தக் கோளாறுக்குத் தரும் பேச்சு சிகிச்சையில் கண்ணால் கண்டதையும் மனம் சேர்த்ததையும் பிரித்து எழுதப் பழக்குவார்கள். இரண்டு நீல டிக், 40 நிமிடமாகப் பதில் இல்லை: இது கண்டது. 'என்னை வெறுத்துட்டா': இது சேர்த்தது. கொந்தளிப்பு உச்சியில் இருக்கும்போது இந்தக் கணக்கு ஓடாது. முதலில் மூச்சைப் பிடித்து, குளிர்ந்த நீரில் முகத்தை 30 வினாடி வைப்பார்கள், நாடித்துடிப்பு இறங்கும். இதய நோய் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.