ஈசிஎம் போச்சு என்று சொல்வதற்கு முன்னால் மீட்டரை எடுங்கள்

மன்னார்குடியில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை வைத்திருக்கிறேன். சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலைய வாசலில் மூட்டை வண்டிகள் வரிசை கட்டும் தை, மாசியில்தான் "கம்ப்யூட்டர் போச்சாம்" என்று வண்டிகள் அதிகம் வரும். இன்ஜினை நடத்தும் ஈசிஎம் பெட்டியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பெரும்பாலும் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கும். எர்த் வயர் பச்சை பூத்திருக்கும், இல்லையென்றால் வைக்கோல் போர் ஓரம் நிறுத்தி வைத்ததில் எலி வயரைக் கடித்திருக்கும். ஒரே வண்டியை நம்பிக் குடும்பம் நடத்துகிறவரிடம், மீட்டர் வைத்துக்கூடப் பார்க்காமல் ஈசிஎம்மை மாற்றச் சொல்வதை என்னால் பொறுக்க முடிவதில்லை.

போன வாரம் வேலை முடித்து அனுப்பிய வண்டியில் நிஜமாகவே ஈசிஎம்தான் போயிருந்தது. முத்துப்பேட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவருடைய பிஎஸ் 4 (முந்தைய புகை விதிப்படி வந்த) டீசல் பிக்கப். சீசனில் நெல் மூட்டை, மற்ற நாளில் மீன் பெட்டி. காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கும். வெயில் ஏறி, லோடும் ஏறிவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி எடுக்கும். வேறு இடத்தில் கிராங்க் சென்சார், டீசல் ஃபில்டர், ரிலே என்று வரிசையாக மாற்றிவிட்டு, கடைசியில் கம்ப்யூட்டர் மேல் பழி போட்டிருக்கிறார்கள். "இன்னும் எவ்வளவு தம்பி செலவு பண்றது?" என்றார். நியாயமான கேள்வி.

ஸ்கேனர் போட்டதும் ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போகும் டீசலின் அழுத்தம்), பூஸ்ட் பிரஷர் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்), ஆக்சிலரேட்டர் பெடல் சென்சார்கள் எல்லாம் சேர்ந்து தப்பு காட்டின. கூடவே பி0641 என்ற கோளாறுக் குறியீடு, சென்சார்களுக்குப் போகும் வோல்ட் சரியில்லை என்று அர்த்தம். தனித்தனியான சென்சார்கள் ஒரே நொடியில் கெட்டுப்போகாது. இவற்றுக்குப் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஈசிஎம் பேட்டரியிலிருந்து 12 வோல்ட் வாங்கி, அதைச் சீரான 5 வோல்ட்டாக்கிச் சென்சார்களுக்குக் கொடுக்கிறது. அந்த 5 வோல்ட் இறங்கினால் அதில் தொங்கும் எல்லாச் சென்சாரும் பொய் சொல்லும். ஆனால் ஒரே ஒரு சென்சார் உள்ளுக்குள் எர்த் ஆனாலும் இதேதான் நடக்கும். அதனால் இந்தக் குறியீட்டை மட்டும் வைத்து ஈசிஎம்மைக் குற்றம் சொல்ல முடியாது.

முதலில் கரண்டும் எர்த்தும். ஈசிஎம்முக்கு வரும் வயரில் மீட்டர் 12 காட்டினால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வயருக்குள் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12 காட்டும். நான் அந்த இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டிப் பார்ப்பேன். பல்பு பளிச்சென்று எரிந்தால்தான் வயரில் உயிர் இருக்கிறது. எர்த்துக்கு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை ஈசிஎம் எர்த் பின்னிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்வேன். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைச் சரி பண்ணிவிட்டுத்தான் மறுவேலை. இந்த வண்டியில் இரண்டும் சுத்தம்.

அப்புறம் அந்த 5 வோல்ட் வயரில் மீட்டரைக் குத்தி வைத்துவிட்டு, அதில் வரும் சென்சார் கப்ளர்களை (வயர் சொருகிகளை) எல்லாம் கழற்றினேன். சாவி மட்டும் ஆன். மீட்டரில் 5.01, ஆடவில்லை. வீட்டிலிருந்து எடுத்து வந்த ஹேர் டிரையரால் ஈசிஎம்மின் அலுமினிய மூடிக்கு மெல்லச் சூடு காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு 4.8. அப்படியே 4.3. ஒரே இறக்கமாக 3.6. டிரையரை நிறுத்திவிட்டு மேஜை ஃபேனைத் திருப்பியதும் எண் மறுபடி ஏறி 5-இல் நின்றது. வெளியில் எந்தச் சென்சாரும் இல்லை, வயரிங் ஆறியேதான் இருக்கிறது. கோளாறு பெட்டிக்குள்தான். அண்ணனைப் பக்கத்தில் நிற்க வைத்து மறுபடி ஒரு தடவை செய்து காட்டினேன். செலவு பண்ணுகிறவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஈசிஎம் கப்ளரை எடுத்ததும் காரணமும் தெரிந்தது. ஓரத்துப் பின்களின் அடியில் பச்சைக் களிம்பு. ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் வயர் வழியாகவே வழிந்து கப்ளருக்குள் இறங்கியிருக்கிறது. கடலோரத்து உப்புக் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. போர்டை ரிப்பேர் செய்து தரும் ஆட்கள் இருக்கிறார்கள், நல்ல வேலைக்காரர்களும் உண்டு. ஆனால் பின் வேர் வரைக்கும் அரித்த போர்டை நெல் ஏற்றும் வண்டியில் போட எனக்கு மனசு வரவில்லை.

புதிதின் விலை அண்ணனுக்குக் கட்டுப்படியாகவில்லை. திருச்சி காயலான் கடையில் பழையது கிடைத்தது. வெளியில் ஒரே மாதிரி இருந்தால் போதாது, ஸ்டிக்கரில் உள்ள ஹார்டுவேர் எண், சாஃப்ட்வேர் எண் இரண்டையும் ஒத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அதை அப்படியே மாட்டினால் வண்டி எடுக்காது. சாவியில் உள்ள சிப்புக்கும் ஈசிஎம்முக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறது, இமொபிலைசர் என்ற திருட்டுத் தடைப் பூட்டு அதுதான். அதோடு இன்ஜெக்டர் எண்களும் உண்டு. இன்ஜினுக்குள் டீசல் தெளிக்கும் காமன் ரெயில் இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் டீசல் விடுவதில் துளி வித்தியாசம் இருக்கும். அதைச் சரிக்கட்டத்தான் அதன் தலையில் ஒரு குறியீட்டு எண் பொறித்திருப்பார்கள். அது ஈசிஎம்முக்குள் ஏறாவிட்டால் ஐடிலில் தட்டும், புகையும்.

பழைய ஈசிஎம்மின் மெமரி நன்றாக இருந்ததால், தஞ்சாவூரில் இந்த வேலையே செய்யும் நண்பர் அதை முழுசாகப் படித்து மாற்று ஈசிஎம்மில் ஏற்றிக் கொடுத்தார். சாவி, இன்ஜெக்டர் எல்லாம் கூடவே வந்துவிட்டன. ஆர்சி புக்கும் சொந்தக்காரரும் நேரில் இல்லாமல் அவரும் செய்ய மாட்டார், நானும் அனுப்ப மாட்டேன். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டிகளில் பூட்டு இன்னும் கெட்டி. பலவற்றுக்கு ஷோரூமின் ஆன்லைன் கோடிங் தவிர வழியில்லை.

மாட்டுவது சின்ன வேலை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுத்தான் கப்ளரில் கை வைக்க வேண்டும். களிம்பு பிடித்த டெர்மினல்களை வெட்டிப் புதிது போட்டேன். முக்கியமான வேலை தண்ணீரைத் திருப்புவது. வயர்க் கட்டு மேலிருந்து நேராகக் கப்ளருக்குள் இறங்காமல், அதற்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏறும்படி கட்டினேன். கூரை இறவாணத்தில் சொட்டுகிற மாதிரி தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். சிலர் கப்ளரைச் சுற்றி சிலிக்கான் அப்புகிறார்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானைத் தயவுசெய்து அங்கே வைக்காதீர்கள், அதன் அமிலமே செம்பை அரிக்கும். பாடியில் வெல்டிங் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். பட்டறையில் அவர்களாகச் செய்ய மாட்டார்கள்.

செல்ஃப் அடித்ததும் எடுத்தது. ஐடிலில் ரெயில் பிரஷர் 270 பார், ஆடாமல். மத்தியான வெயிலில் மூட்டையோடு திருத்துறைப்பூண்டி வரை போய்த் திரும்பினோம். வழியெல்லாம் மீட்டர் என் மடியில், 5 வோல்ட் அசையவில்லை.

பழைய ஈசிஎம்மை அண்ணனிடமே கொடுத்து, தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொன்னேன். ஈசிஎம் ஸ்டிக்கர் எண்ணையும் நாலு இன்ஜெக்டரின் குறியீட்டு எண்களையும் ஒரு அட்டையில் எழுதி ஆர்சி கவருக்குள் வைத்துவிட்டார். உங்கள் வண்டியிலும் இன்ஜெக்டர் தலைச் சேற்றைத் துடைத்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.