நான்காக மடித்த கடிதம்

ஏப்ரல் 4
இன்றும் அப்பா பாதிக் களியோடு எழுந்துவிட்டார். இரண்டு வாய் போட்டாலே வயிறு திம்மென்று ஆகிறதாம்.

ஏப்ரல் 7
தருமபுரியில் ஸ்கேன். கல்லீரல் சுருங்கியிருக்கிறது, வலப்பக்கம் 4.6 செ.மீ. கட்டி.

ஏப்ரல் 8
"குடிப்பாரா?" கேட்காத ஆளே இல்லை. என் அப்பா ஒரு சொட்டு தொட்டதில்லை.

ஏப்ரல் 11
ரேஷன் கார்டுக்குள் நான்காக மடித்த கடிதம். 2016 ரத்ததான முகாம். ஹெபடைடிஸ் பி (ஈரலைத் தாக்கும் வைரஸ்) பாசிட்டிவ், டாக்டரைப் பாருங்கள் என்று அச்சடித்திருக்கிறது. "உடம்பு நல்லாத்தானே இருந்துச்சு, விட்டுட்டேன்" என்கிறார். அன்றே போயிருந்தால் தினம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். கட்டி சின்னதாக இருக்கும்போதே தெரிந்திருக்கும்.

ஏப்ரல் 15
தொப்பூர் கணவாய் இறங்கி சேலம். மருந்து ஏற்றி சிடி ஸ்கேன் எடுத்தார்கள். மருந்து ஏறியதும் கட்டி மட்டும் பளிச்சென்று தெரிகிறது, கொஞ்ச நேரத்தில் சுற்றியுள்ள ஈரலைவிடக் கருத்துவிடுகிறது. சுருங்கிய ஈரலில் இப்படித் தெரிந்தால் புற்றுநோய்தானாம், ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டாம் என்றார் டாக்டர். ஈரல் புற்றுநோய்க்கு ரத்தத்தில் பார்க்கும் ஏஎஃப்பி பெரிதாக ஏறவில்லை. அந்த ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பியிருந்தால்? நல்லவேளை, ஈரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்க்குள் கட்டி போகவில்லை.

ஏப்ரல் 16
கடிதத்தில் தேதி செப்டம்பர் 9. எனக்கு அப்போது கல்யாண வேலை.

ஏப்ரல் 20
வீட்டில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை. அம்மாவுக்கும் எனக்கும் இல்லை, மூன்று தடுப்பூசி போட வேண்டும். தம்பிக்கு இருக்கிறது. பெரியம்மா அப்பாவுக்குத் தனித் தட்டு எடுத்து வைத்தார். எனக்கு அடக்க முடியவில்லை, கத்திவிட்டேன். தட்டில் ஒட்டாது பெரியம்மா, ரத்தத்தில், உடலுறவில், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்குத்தான் பரவும். சொல்லும்போதே அப்பாவைப் பெற்ற ஆயா நினைவு. வயிறு வீங்கித்தான் போனார்.

ஏப்ரல் 28
மண்ணீரல் வீங்கி, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுவும் குறைவு என்பதால் கட்டியை அறுத்து எடுக்க முடியாதாம். நேற்று தொடை இடுக்கு வழியாகக் குழாய் விட்டு, கட்டிக்கு ரத்தம் போகும் வழியில் மருந்து வைத்து அடைத்தார்கள். ராத்திரியெல்லாம் காய்ச்சல், வலி. எதிர்பார்த்ததுதான் என்றார் நர்ஸ்.

ஏப்ரல் 29
மாங்காய் இறக்க ஆள் வந்தாச்சா என்று அப்பா கேட்டார். கேட்டாரே!

மே 3
அடுத்த சிடி ஒரு மாதம் கழித்து. ஒரே கட்டி, 5 செ.மீ.க்குள், அதனால் மாற்று ஈரலும் வைக்கலாமாம். தம்பிக்கும் அந்த வைரஸ் இருப்பதால் அவன் ஈரல் கொடுக்க முடியாது. அப்பாவும் நானும் ஓ பாசிட்டிவ். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.